இடியை மண்ணுக்கு அனுப்பிய பிராங்க்ளின்

தர்மபுரி மாவட்டத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மாலையில் திடீரென்று வானம் கறுக்கும். மின்னல் வெட்டும், இடி முழங்கும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எங்கே பார்த்தாலும் வீட்டுக் கூரை மேல் ஒரு டிஷ் நிற்கிறது.

இந்த டிஷ்சுக்கு எர்த் கொடுக்க வேண்டுமா? பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. இதற்கு விடை தந்தவர், டெலிவிஷனைக் கனவிலும் கண்டிராத ஒரு மனிதர். பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

ஓடிப்போன சிறுவன்

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிராங்க்ளின் பிறந்தார். தந்தை சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். அவருக்கு 17 குழந்தைகள். பெஞ்சமின் 15-வது பிள்ளை. பள்ளிக்கூடம் போனது 2 ஆண்டுகள்தான்.

12 வயதில் அண்ணனின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அடியும் உதையும் கிடைத்தன. 17 வயதில் வீட்டை விட்டு ஓடினார். பிலடெல்பியா நகரம் போய்ச் சேர்ந்தபோது கையில் காசு கொஞ்சம்தான். உழைத்தார். சொந்தமாக அச்சுக்கூடம் வைத்தார். பத்திரிகை நடத்தினார். பஞ்சாங்கம் போட்டார். பணம் குவிந்தது. 42 வயதில் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, மின்சார ஆராய்ச்சியில் முழு மூச்சாக இறங்கினார்.

பட்டம் விட்டார்

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று அவருக்குத் தோன்றியது. அதைச் சோதிக்கும் முறையையும் எழுதினார். அதைப் படித்துவிட்டு, 1752 மே 10-ந் தேதி பிரான்சு நாட்டில் 40 அடி இரும்புக் கம்பியை நட்டுச் சோதித்தார்கள். இடி மேகம் வந்தபோது கம்பியிலிருந்து பொறி பறந்தது!

அதே ஆண்டு ஜூன் மாதம் பிராங்க்ளின் பட்டம் விட்டார். துணைக்கு மகன். நனைந்த நூலில் கட்டிய சாவியின் அருகே விரலை நீட்டினார். பொறி தெறித்தது. நல்ல வேளை, பட்டத்தின் மீது மின்னல் நேராக விழவில்லை. விழுந்திருந்தால் அன்றே அவர் கதை முடிந்திருக்கும்.

ரஷ்யாவில் ஒரு பலி

ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மான் என்ற விஞ்ஞானி, கூரை மேல் கம்பி நட்டு அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஆனால் அதை மண்ணோடு இணைக்கவில்லை. 1753 ஆகஸ்டு 6-ந் தேதி இடி மழை. கருவியைப் பார்க்க அவர் குனிந்தார். கம்பி வழியே வந்த மின்சாரம் அவரைத் தாக்கியது. அந்த இடத்திலேயே மாண்டார்.

கம்பி மட்டும் போதாது. அது பூமிக்குப் போக வேண்டும். பிராங்க்ளின் கண்ட இடிதாங்கியின் உயிர்நாடியே இதுதான். 1753-ம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அதை அமைக்கும் முறையை எல்லோருக்கும் இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தார். காப்புரிமை கேட்கவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. 1755-ல் பாஸ்டனில் நிலம் அதிர்ந்தபோது, இடிதாங்கிகள்தான் காரணம் என்றார் ஒரு பாதிரியார்! பிராங்க்ளின் அசரவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்த அவரே, முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில் காலமானார்.

நம் வீட்டு டிஷ்

மண்ணோடு இணைக்காத டிஷ், ரிச்மானின் கம்பிக்குத் தம்பி. அதன் கேபிள் நேராக நம் கூடத்துக்குள் வருகிறது. ஆகவே மாடி மேல் நிற்கும் டிஷ்சுக்கு எர்த் அவசியம். தாங்கும் குழாயிலிருந்து தடித்த செம்புக் கம்பியை, வளைவு நெளிவு இல்லாமல் எர்த் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதன் வெளிப் பின்னலையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். டிஷ்சுக்குத் தனி எர்த் போட்டால் அதை வீட்டு எர்த்தோடு இணைப்பது முக்கியம். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள மின் அழுத்த வித்தியாசம் டி.வி. வழியாகப் பாயும். தர்மபுரியின் பாறை நிலம் கோடையில் காய்ந்துவிடும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவது நல்லது.

எர்த் கொடுத்தால் இடியை வீட்டுக்கு அழைத்ததாகிவிடாதா? ஆகாது. அருகில் விழும் மின்னலால் கம்பியில் எழும் மின்சாரம் மண்ணுக்குப் போக அது வழிவிடுகிறது. ஆனால் மின்னல் நேராகவே விழுந்தால் அந்தக் கம்பி மட்டும் தாங்காது. எனவே மழை மேகம் திரளும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றி விடுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.

செலவு கொஞ்சம்தான். காப்பது உயிரை!