பகைவர்க்கும் உணவளித்த ஹூவர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், போரை வெறுக்கும் குவேக்கர் சமயக் குடும்பத்தில் 1874-இல் தோன்றியவர் ஹெர்பர்ட் ஹூவர். ஒன்பது வயதிலேயே தாயும் தந்தையும் இல்லாதவரானார். ஸ்டான்போர்டில் நிலவியல் பயின்று, ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் சுரங்கத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார்.

1914-இல் போர் மூண்டு பெல்ஜியம் பசியால் வாடியது. ஹூவர் தம் தொழிலை விடுத்து, ஊதியம் பெறாமல் உணவுப் பணியை ஏற்றார். கடலை மறித்த ஆங்கிலேயரிடமும் நாட்டைக் கைப்பற்றிய ஜெர்மானியரிடமும் ஒருங்கே இசைவு பெற்றதே அவர் செயலில் அரியது. பெல்ஜியத்திலும் வடபிரான்சிலும் ஏறத்தாழ 90 இலட்சம் மக்கள் உண்டனர். 1921-இல் ருஷ்யாவில் பஞ்சம் வந்தபோது, தாம் வெறுத்த பொதுவுடைமை ஆட்சியின் குடிகளுக்கும் தானியம் அனுப்பினார். ஆகாரதானத்திற்குப் பகைவர், நண்பர் என்னும் பேதம் ஏது?

1929-இல் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டே பங்குச்சந்தை சரிந்தது. வேலையிழந்தோர்க்கு நடுவண் அரசு நேரே பொருளுதவி செய்வதை அவர் ஏற்கவில்லை. அது அண்டை அயலாரின் அறக்கடன் என்றே கருதினார். அயல்நாட்டார் பசி தீர்த்தவரின் பெயராலேயே வீடற்றோரின் தகரக் குடிசைகள் அழைக்கப்பட்டன. இக்குறையை மறைத்துக் கூறுதல் முறையன்று. 1932 தேர்தலில் தோற்றார்.

1946-இல், 71 வயதில், உலகின் உணவுப் பஞ்சத்தை நேரில் அறியப் பல நாடுகளைச் சுற்றினார், இந்தியாவிற்கும் வந்தார். 1964-இல் மறைந்தார்.