எண்ணியதை நிறைவேற்றிய ஜாம்ஷெட்ஜி டாட்டா

சங்கக் கூட்டங்களில் தீர்மானங்கள் நிறைவேறின என்று குறிப்பேட்டில் எழுதுவது நம் வழக்கம். ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, அவையினர் கைதூக்கிய அளவிலேயே அது நிறைவேறியதாகக் கொள்ளப்படுகிறது. உண்மையை நோக்குமிடத்து, அன்று நிறைவேறியது சொல் ஒன்றே. செயல் இனித்தான் தொடங்கவேண்டும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே கிடக்கும் வெளியைக் கடந்து காட்டிய தொழிற்பெருமக்கள் சிலர். அவருள் முன்னிற்பவர் பம்பாய்ப் பெருவணிகர் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா ஆவர். அவர்தம் வரலாற்றை இந்நோக்கங் கொண்டு ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

கூர்ச்சர நாட்டு நவசாரியில், பார்ஸிப் புரோகிதர் குடியில், 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் குலத்தொழிலை விடுத்துப் பம்பாயில் வாணிகம் மேற்கொண்டவர். மைந்தர் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று 1858-இல் கல்வி முடித்துத் தந்தையாருடன் தொழிலிற் புகுந்தார். 1868-இல் 21,000 ரூபாய் முதலிட்டுத் தமக்கென ஒரு வாணிக நிலையங் கண்டார். பின்னர்ப் பஞ்சாலைத் தொழிலிற் கருத்தூன்றி, இங்கிலாந்தின் லங்காஷயருக்குச் சென்று அதன் நுட்பங்களை நேரிற் கண்டு மீண்டார்.

அக்காலத்தில் ஆலை வைக்க எண்ணினோர் பெரும்பாலும் பம்பாயையே நாடினர். இவரோ பருத்தி விளையுமிடம், நிலக்கரி எட்டுமிடம், துணி விலையாகுமிடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்து நாகபுரியைத் தேர்ந்தார். ஆங்கு மலிவாகக் கிடைத்தது ஒரு சதுப்பு நிலம். அதனை மண்கொட்டி மேடாக்கக் கண்ட உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர், பொன்னை மண்ணிற் புதைப்பவருக்குப் பணந் தருவதில்லையென மறுத்தனராம். அவர் இட்டது மண், எடுத்தது பொன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார் என்பர். 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் எம்பிரஸ் ஆலை இயங்கத் தொடங்கிற்று.

ஆலையை நடத்த இவர் தேர்ந்த ஆட்களை நோக்குக. நிருவாகத்திற்கு அமர்த்திய பெசன்ஜி மேத்தா ரெயில்வேயின் சரக்குப் பகுதியில் வேலை பார்த்தவர். நூற்புத் தொழிலை அறியாதவர். ஆயினும் ஆட்களை நடத்த வல்லவர். எந்திர நுட்பத்திற்கு லங்காஷயர்க்காரர் ப்ரூக்ஸ்பி அமர்ந்தார். இன்னது இன்னார் பொறுப்பு என்பதில் மயக்கமில்லை. வளையக் கதிர் என்னும் புதிய நூற்புக் கருவியை லங்காஷயர் ஐயுற்று நின்ற நாளிலேயே, சிலவற்றைத் தருவித்துச் சோதித்துப் பயன்கண்டு, ஆலையெங்கும் பொருத்தினர். தொழிலாளர் பலர் அடிக்கடி வாராதொழிந்தபோது, தண்டத்தை நம்பாது அவர்தம் நலத்தை நாடினார் டாட்டா. 1886-இல் ஓய்வூதிய நிதியும், 1895-இல் விபத்து நேர்ந்தோர்க்கு ஈடு தரும் ஏற்பாடும் அவ்வாலையில் உண்டாயின.

எடுத்ததெல்லாம் முடிந்ததென்பதற்கில்லை. 1893-இல் ஜப்பானியக் கப்பற் கம்பெனியுடன் உடன்பட்டுக் கீழ்த்திசைக்குத் தம் கப்பல்களை விட்டார். பி. அண்டு ஓ. என்னும் ஆங்கிலக் கம்பெனி உடனே கூலியை மிகக் குறைத்தது. முன்னர்க் கூலி மிகையென முறையிட்ட வணிகர் பலரும் அக்குறைந்த கூலியையே நாடிச் சென்றனர். டாட்டா நட்டமுற்றுக் கப்பல்களைத் திருப்பி யனுப்பினார். ஒருவர் துணிவு மட்டும் போதாது. உடனிருந்தோர் உறுதியும் வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

இனி இரும்புக்கு வருவோம். சந்தா மாவட்டத்து இரும்புக்கற்களைப் பற்றி ஜெர்மானிய வல்லுநர் ஒருவர் எழுதிய அறிக்கையை 1882-இல் டாட்டா கண்டார். அன்றே எண்ணம் பிறந்தது. அரசினர் சுரங்க விதிகள் இடங்கொடுக்கவில்லை. 1899-இல் விதிகள் தளர்ந்தமை அறிந்ததும், பதினேழு ஆண்டு உறங்காதிருந்த அவ்வெண்ணத்தை மீண்டுங் கையிலெடுத்தார். 1902-இல் அறுபது கடந்த வயதில் அமெரிக்கா சென்று, உருக்காலைகளைப் பார்த்து, பெரின் என்னும் பொறியியல் வல்லுநரை ஏற்பாடு செய்தார். பெரின் அனுப்பிய நிலநூலறிஞர் வெல்டும், டாட்டாவின் மூத்த மகனார் தோராப்ஜியும் காடுகளில் அலைந்து கனிமந் தேடினர். ஓரிடத்தில் கல் உயர்ந்ததாயினும் தக்க கரியும் நீரும் அண்மையில் இல்லை, அவ்விடத்தை விடுத்தனர். 1904-இல் நிலநூற் புலவர் பி. என். போஸ், மயூர்பஞ்ச் சமஸ்தானத்து இரும்பு வளத்தைக் கடிதவாயிலாகத் தெரிவித்தார்.

கல்வித் துறையிலும் அவர் வழி இதுவே. உயராராய்ச்சிக் கழகம் ஒன்று வேண்டுமெனத் துணிந்து, பிறநாட்டுக் கழகங்களைக் கண்டுவரப் பாதுஷா என்பாரை அனுப்பினார். 1898-இல் முப்பது லட்ச ரூபாய் பெறுமான சொத்துக்களை அதற்கென ஒதுக்க முன்வந்தார்.

1904-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் ஜெர்மனியின் நௌஹைம் நகரில் டாட்டா காலமானார். அன்று உருக்காலையில்லை, ஆராய்ச்சிக் கழகமில்லை, மலையருவி மின்சாரமுமில்லை. தலைவர் மறைந்தால் முயற்சியும் மறைதல் உலகியல்பு. ஆனால் இங்கே, இன்ன பணிக்கு இன்னார் என்று அவர் அமர்த்திய ஆட்கள் இருந்தனர், செய்த ஆராய்ச்சி ஏட்டிலிருந்தது, பணத்திற்கு வழியிருந்தது. லண்டன் பணச்சந்தை கைவிட்டபோது, 1907-இல் இந்நாட்டு மக்கள் ஏறக்குறைய எண்ணாயிரவர் மூன்று வாரத்திற்குள் பங்குப்பணத்தைக் குவித்தனர். 1911-இல் பெங்களூர்க் கழகம் மாணவரை ஏற்றது. 1912-இல் சாக்சியில் உருக்கு வார்க்கப்பட்டது. 1915-இல் மலைநீர் மின்சாரம் பம்பாய் ஆலைகளை இயக்கிற்று. 1919-இல் சாக்சி ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது.

அன்பர்காள்! டாட்டாவின் செல்வம் நமக்கில்லை யெனலாம். அவர்தம் முறைக்குச் செல்வம் வேண்டுவதில்லை. கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கால், அதன் கீழே நான்கு வரி சேர்த்தெழுதுக: செய்பவர் யார், பணம் எங்கிருந்து, முடியும் நாள் எது, அவர் இயலாதாயின் மேற்கொள்வார் யாவர். அடுத்த கூட்டத்தில் அந்நான்கையும் முதற்கண் படிக்கச் செய்க. பணி முடிந்த பின்னரே நிறைவேறியது என்னுஞ் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுக.