கரையான் புற்றில் தோட்டத்தைக் கண்டவர்

கறிவேப்பிலை இல்லாத தமிழ்ச் சமையலறை இல்லை. அந்த இலையின் அறிவியல் பெயரில் ‘கோனிகி’ என்றொரு சொல் இடம்பெற்றிருப்பதைத் தாவரவியல் மாணவர்கள் அறிவர். யோகான் கெரார்டு கோனிக் என்ற மருத்துவரின் நினைவாக, அவருடைய ஆசிரியர் லின்னேயஸ் 1771-இல் சூட்டிய பெயர் அது. தாவரங்களுக்காகவே நினைக்கப்படும் அம்மனிதரை நான் மதிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. கரையானைப் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் அது.

கோனிக் 1728-இல், இன்று லாட்வியா நாட்டில் அடங்கியுள்ள லிவோனியாவில் பிறந்தார். சுவீடனின் உப்சாலாவில் லின்னேயஸிடம் பயின்றார். பின்னர் டென்மார்க்கில் வாழ்ந்தபோது ஐஸ்லாந்து சென்று அத்தீவின் தாவரங்களை ஆராய்ந்தார். பனிநாட்டுச் செடிகளைத் தொகுத்த அந்தக் கைகளுக்கு 1768-இல் வாய்த்தது தரங்கம்பாடி. டேனியர் ஆட்சியில் இருந்த அவ்வூரின் கிறித்தவ மிஷனுக்கு மருத்துவராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது.

நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, எஞ்சிய பொழுதையெல்லாம் அவர் வயல்வெளியிலும் புதர்க்காட்டிலும் கழித்தார். தரங்கம்பாடி மிஷனரிகளையும் உடன் சேர்த்துக்கொண்டு, செடிகளைப் பரிமாறி, ஒப்பிட்டுப் பார்த்து, ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஒரு சிறு குழுவை உருவாக்கினார். மிஷன் தந்த ஊதியம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. 1774-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். நவாபோ கம்பெனி அலுவலர்களிடம் பட்ட கடனில் மூழ்கியிருந்தவர். 1778-இல் கோனிக் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியை ஏற்றார். வணிகத்துக்கு உதவும் தாவரங்களைத் தேடும்படி கம்பெனி அவரைச் சயாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியது. மதம், அரசு, வணிகம் என மூன்று புரவலர்களை அடுத்தடுத்து அண்டி அவர் வாழ்ந்தார். மூவருடைய தேவையும் வேறு வேறு. அவருடைய தேடல் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

அந்தத் தென்கிழக்காசியப் பயணத்தில் அவர் இருந்த 1779-ஆம் ஆண்டில்தான் பெர்லின் நகரத்து இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் வெளியீட்டில், தென்னிந்தியக் கரையான்களைப் பற்றிய அவருடைய கட்டுரை அச்சேறியது. தஞ்சைப் பகுதியில் புற்றுகளை வெட்டித் திறந்து, அரசியையும் வேலைக்காரக் கரையான்களையும் குஞ்சுகளையும் அவர் விவரித்தார். புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற கட்டிகள் இருப்பதையும், அவற்றின்மேல் வெண்மணிகளாகப் பூஞ்சை முளைத்திருப்பதையும் கண்டு, அது குஞ்சுகளுக்கு உணவாகலாம் என்று கருதினார். நம் மக்கள் புகைமூட்டி ஈசல் பிடிப்பதையும், அதை மாவுடன் சேர்த்துப் பண்டமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்பதையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவர் எழுதிவைத்தவற்றில் பாதி, பெயர் பதிவாகாத தமிழ் உழவர்களின் அறிவு என்றே நான் எண்ணுகிறேன். மழைக்குப் பின் புற்றில் பூக்கும் காளானைத் தேடிச் சென்று பறித்தவர்களுக்குப் புற்றுக்கும் காளானுக்கும் உள்ள உறவு தெரியாமலா இருந்திருக்கும்?

இரண்டே ஆண்டுகளில், 1781-இல், ஆப்பிரிக்கக் கரையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் எழுதிய கட்டுரையை லண்டன் ராயல் சங்கம் வெளியிட்டது. கோனிக்கின் கட்டுரையை ஸ்மீத்மன் குறிப்பிட்டிருந்தபோதிலும் புகழ் அவருக்கே சென்றது.

கோனிக்கிடம் நுண்ணுயிரியல் இல்லை. கூட்டுயிர் வாழ்வு என்ற கருத்தும் அன்று இல்லை. வெவ்வேறு உயிரினங்கள் இணைந்து வாழ்வதற்கு ஆன்டன் டி பாரி ‘சிம்பயோசிஸ்’ என்ற பெயரை நிலைநிறுத்தியது 1879-இல், அதாவது சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. இன்று நாம் அறிவது இது: உலர்ந்த இலையையும் மரத்தையும் கரையான் மென்று விழுங்குகிறது. அது பூஞ்சை விதைகளுடன் கலந்து, அரைகுறையாகச் செரித்து வெளியேறிப் புற்றுக்குள் பாத்தியாகிறது. கரையானால் உடைக்க இயலாத லிக்னினைப் பூஞ்சை சிதைக்கிறது. பூஞ்சையையும் முதிர்ந்த பாத்தியையும் கரையான் மீண்டும் உண்ண, எஞ்சிய செரிமானத்தைக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் முடித்துவைக்கின்றன. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. பல கரையான் இனங்களின் குடல் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே அதைப் பிடித்துத் தருகின்றன. பதிலுக்கு அவற்றுக்கு உறைவிடமும் ஓயாத உணவும் கிடைக்கின்றன. டெர்மிடோமைசிஸ் என்ற அந்தப் பூஞ்சை கரையான் புற்றைச் சார்ந்தே வாழ்கிறது.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையைப் பழமொழியாக்கி வைத்திருக்கிறோம். உழைப்பவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவன் என்ற அந்த நியாயம் வடசென்னைத் தொழிலாளருக்குப் புதிதன்று. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். எங்கள் பாடநூல்களில் போட்டிக்குத் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு; கூட்டுறவுக்குச் சில பக்கங்களே. ஆனால் பாம்பு வருவதற்கு முன்பே அந்தப் புற்றுக்குள் கணக்கற்ற கூட்டாளிகள் உண்டு. யாவரும் கேடு என்று ஒதுக்கிய பூச்சியிடம் ஒரு தோட்டத்தைக் கண்டதே கோனிக்கின் பெருமை. உலகில் உள்ள ஏறத்தாழ 3,000 கரையான் இனங்களில் வீட்டையும் பயிரையும் கெடுப்பவை சிறுபான்மையே. மற்றவை மண்ணைக் கிளறி, சருகை உரமாக்கி, கூலியின்றி உழைக்கின்றன.

1785-ஆம் ஆண்டு ஜூன் மாதம், காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் கோனிக் மறைந்தார். இறுதி நாள்களில் அவரைக் கவனித்தவர், பின்னாளில் இந்தியத் தாவரவியலின் தந்தை என்று போற்றப்பட்ட வில்லியம் ராக்ஸ்பர்க். கையெழுத்துப் படிகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்ஸுக்கு எழுதிவைத்தார் கோனிக். அவர் கண்டறிந்தவற்றில் பல, மற்ற ஐரோப்பிய அறிஞர்களின் நூல்கள் வழியாகவே வெளியுலகை அடைந்தன.

இந்த வாழ்க்கையை இப்போது நினைவுகூர எனக்குக் காரணம் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துகிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெயும் பரவியது. அப்போது கணக்கிடப்பட்டவை படகுகள், வலைகள், மீனவர் குடும்பங்கள். அவை கணக்கிடப்பட வேண்டியவையே. ஆனால் அலையாத்தி நிலத்துச் சேற்றில் நண்டும் புழுவும் சிப்பியும் தனித்து வாழ்வதில்லை. கந்தக நெடி வீசும் சேற்றில் வாழும் லூசினிட் வகைச் சிப்பிகள், தம் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தயாரிக்கும் உணவை நம்பியே வாழ்கின்றன. அத்தகைய சேற்றின்மேல் எண்ணெய் படியும்போது அழிவது எது எனச் சொல்ல, அழிவுக்கு முன்பே அதை உற்றுப் பார்த்து எழுதிவைத்தவர் வேண்டும். பட்டியலே இல்லாத இடத்தில் எந்த இழப்பீட்டுக் கணக்கும் சுழியத்திலிருந்துதான் தொடங்கும்.

கடனில் மூழ்கிய நவாபும் இலாபத்தையே கருதிய கம்பெனியும் ஓர் இயற்கை ஆய்வாளருக்கு ஊதியம் தந்தார்கள். துறைமுகங்களும் மின்நிலையங்களும் ஆலைகளும் சூழ்ந்த இந்தக் கரையில், கழிமுகத்துச் சிற்றுயிர்களை ஆண்டு முழுவதும் கவனித்துப் பதிவுசெய்ய ஒரு நிரந்தரப் பணியிடத்தையாவது அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்க வேண்டும். அங்கே நாள்தோறும் சேற்றில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுவதிலிருந்து அந்தப் பணியைத் தொடங்கலாம். இம்முறை அவர்களுடைய பெயர்களும் பதிவாகட்டும்.