கெலவரப்பள்ளி நுரையும், பாதிச் சொத்தைக் கொடுத்த மனிதரும்

நீங்கள் ஓசூர்க்காரராக இருந்தால் கெலவரப்பள்ளி அணையின் நுரையைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மதகைத் திறந்தால் தண்ணீரோடு வெள்ளை வெள்ளையாகப் பொங்கி வரும். தூரத்தில் இருந்து பார்த்தால் பனி மாதிரி அழகு, பக்கத்தில் போனால் நாற்றம். பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் சேரும் கழிவுநீர் தட்சிண பினாகினி ஆற்றில் இறங்குகிறது. அதே ஆறு எல்லை தாண்டினால் நம்ம தென்பெண்ணை.

அந்த ஏரிகளில் என்ன கலக்கிறது, ஏன் நுரைக்கிறது என்று வருஷக்கணக்காகத் தண்ணீர் எடுத்துச் சோதித்து அறிக்கை எழுதியவர்களில் முக்கியமானவர்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் ஆய்வாளர்கள். ஐ.ஐ.எஸ்சி என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். சரி, அந்தக் கழகத்துக்கு முதல் காசு போட்டது யார்? சுற்றுச்சூழல் என்ற வார்த்தையையே கேட்டிருக்க வாய்ப்பில்லாத, 1904-லேயே இறந்துபோன ஒருவர். ஜாம்ஷெட்ஜி டாடா.

இன்றைக்குப் பருவநிலை மாற்றத்துக்காகப் பெரும் பணக்காரர்களும் அறக்கட்டளைகளும் கோடிக்கணக்கில் கொடுப்பதாகச் செய்தி படிக்கிறோம். அந்தப் பணம் எப்படி வருகிறது, எங்கே போகிறது, எதைச் சாதிக்கிறது, எதைச் சாதிக்காது? இது புரியணும்னா இவர் கதையில் இருந்து தொடங்குவது நல்லது.

குஜராத்தின் நவ்சாரியில் 1839 மார்ச் 3-ல் பிறந்தார். பார்சி புரோகிதர் குடும்பம். அப்பா நஸர்வான்ஜிதான் அந்தக் குடும்பத்தில் முதலில் வியாபாரத்துக்கு வந்தவர். மகன் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1858-ல் வெளியே வந்தார். அடுத்த வருஷமே ஹாங்காங். அங்கே என்ன வியாபாரம் தெரியுமா? பருத்தி, கூடவே அபின். அன்றைக்கு அது சட்டப்படியான தொழில், பம்பாயின் பல பெரிய குடும்பங்கள் செய்ததுதான். ஆனாலும் ஒரு கொடையாளியின் கதையை எழுதும்போது இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்தில் இந்தியப் பருத்திக்கு விலை எகிறியது. 1865-ல் போர் முடிந்ததும் அந்த விலை சரிந்து, பம்பாயே திவாலானது. டாடா குடும்பமும் மாட்டிக்கொண்டது. லண்டனில் இருந்த இளைஞர் ஜாம்ஷெட்ஜி கடன் கொடுத்தவர்களை நேரில் சந்தித்து நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். 1868-ல் 21,000 ரூபாயில் சொந்த வியாபாரம். 1877 புத்தாண்டு அன்று நாக்பூரில் எம்ப்ரஸ் மில். அந்த மில்லில் 1886-ல் தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதி, 1895-ல் விபத்து இழப்பீடு. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலம் அது.

1892-ல் வெளிநாடு போய்ப் படிக்க விரும்பும் இந்தியர்களுக்காக ஒரு நிதி ஆரம்பித்தார். இனாம் இல்லை, கடன். படித்து முடித்தவர் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தில் அடுத்தவர் போவார். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர்.நாராயணன் அந்த நிதியில் போனவர்தான்.

இதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கொடை. 1898-ல் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் தொடங்குவதற்காகத் தன் சொந்தச் சொத்தில் ஏறக்குறைய பாதியைக் கொடுக்க முன்வந்தார். பம்பாயில் 14 கட்டடங்கள், 4 நிலச்சொத்துகள், மதிப்பு சுமார் 30 லட்சம் ரூபாய். அந்த வருமானத்தில் ஒரு நிறுவனம் காலாகாலத்துக்கும் ஓட வேண்டும் என்பது திட்டம். தன் பெயரை மட்டும் அதற்கு வைக்க வேண்டாம் என்றார். இப்போது ஒரு வாட்டர் டேங்க் கொடுத்தால்கூட நாலு பக்கமும் பெயர் எழுதுகிறோம், கவனிச்சீங்களா?

பணம் தயாராக இருந்தது, அனுமதி கிடைக்கவில்லை. புதிதாக வந்திறங்கிய வைஸ்ராய் கர்சனிடம் 1898-ன் கடைசி நாளில் ஒரு குழு போய்த் திட்டத்தை வைத்தது. அவருக்கு நம்பிக்கையில்லை. இந்தியாவில் இதில் சேர மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள், படித்தவர்களுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் ராம்சே நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, பெங்களூரு பொருத்தமான இடம் என்று சொன்னார். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் இருந்தே மைசூர் சமஸ்தானம் ஆர்வம் காட்டியது. ஃபைல் மட்டும் நகரவில்லை. 1904 மே 19-ல் ஜெர்மனியின் பாட் நௌஹைம் ஊரில் ஜாம்ஷெட்ஜி இறந்தபோது ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. 1907-ல் மைசூர் 371 ஏக்கர் கொடுத்தது, 1909 மே மாதம் அரசாணை வந்தது, 1911-ல் முதல் மாணவர்கள் உள்ளே போனார்கள். பிடிவாதமாக நின்று முடித்துக் கொடுத்தவர்கள் அவருடைய மகன்கள் தொராப்ஜியும் ரத்தனும்.

அந்த 371 ஏக்கரில் 1983-ல் சூழலியல் அறிவியல் மையம் வந்தது. முதலில் சொன்ன ஏரி ஆய்வெல்லாம் அங்கே நடந்ததுதான். 2009-ல் பருவநிலை மாற்றத்துக்கென்றே திவேச்சா மையம் தொடங்கியது. அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனம் நடத்தியவர்கள்: அர்ஜுன், டயானா திவேச்சா தம்பதியும், ஜெரமி கிரந்தம் குடும்பத்தின் கிரந்தம் அறக்கட்டளையும். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அவர்கள் வெறும் நிலத்தில் தொடங்கவில்லை. ஆசிரியர்கள், மாணவர்கள், ஆய்வகங்கள் என எல்லாம் நூறு வருஷமாக அங்கே இருந்தது. பழைய கொடை ஒன்று இல்லாவிட்டால் புதிய கொடைக்கு இறங்க இடமே இருந்திருக்காது.

அவரே இயற்கையைப் பற்றி என்ன நினைத்தார்? நேரடியாக இல்லை, ஆனால் தடயங்கள் உண்டு. இரும்பாலை நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று 1902-ல் மகனுக்குக் கடிதம் எழுதினார். அகலமான தெருக்கள், சீக்கிரம் வளரும் நிழல் மரங்கள், தோட்டம், விளையாட்டு மைதானம் என்று பட்டியல் போட்டார். ஆலை வருவதற்கு முன்பே மரத்தைப் பற்றி யோசித்த அந்த ஊர்தான் ஜாம்ஷெட்பூர். நிலக்கரிப் புகையில் மூழ்கிய பம்பாய்க்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பதும் அவருடைய கனவு. 1915-ல் கோப்போலி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. பெங்களூரில் ஜப்பானிய நிபுணர்களை வைத்துப் பட்டுப்பண்ணை நடத்தியதும் இவர்தான். பசவனகுடி பக்கம் போனால் டாடா சில்க் ஃபார்ம் என்ற இடப்பெயர் இன்னும் இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு ஓர் உறுத்தல். புகையில்லாத அந்த மின்சாரத்துக்காகவே அவர் இறந்த பிறகு முல்ஷியில் ஓர் அணை எழும்பியது. நிலம் முங்கிய மராத்தி விவசாயிகள் 1921-ல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். இந்தியாவில் அணைக்கு எதிராக நடந்த முதல் பெரிய போராட்டங்களில் ஒன்று அது. தோற்றார்கள். அதே டாடா பவர் இந்த நூற்றாண்டில் குஜராத்தின் முந்த்ராவில் 4,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்டியது. அங்கிருந்த மீனவர்கள் அதற்குக் கடன் கொடுத்த உலக வங்கிக் குழும நிறுவனத்தை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கொடுக்கும் கையும் புகை விடும் கையும் ஒரே உடம்பில் இருக்க முடியும். அறக்கட்டளை அறிக்கைகளைப் படிக்கும்போது இதை நான் மறப்பதில்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன், ஓசூரில் வாட்ச் செய்கிறது. சமீப வருஷங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்கள். அங்கே ஷிஃப்ட் முடித்து ஹாஸ்டல் பஸ் ஏறும் பெண்கள் உங்கள் அக்காவாக இருக்கலாம், தோழியாக இருக்கலாம். குழுமத்தின் தலைமை நிறுவனம் டாடா சன்ஸ். அதில் 66 சதவிகிதப் பங்கு தனிமனிதர் கையில் இல்லை, அறக்கட்டளைகள் கையில். 1919-ல் ஒன்று, 1932-ல் ஒன்று என்று மகன்களின் சொத்தில் இருந்து எழுந்தவைதான் அவற்றில் பெரியவை. கம்பெனி லாபம் ஈட்டினால் டிவிடெண்ட் மேலே போகும், அங்கிருந்து அறக்கட்டளைக்கு, அங்கிருந்து குடிநீர், மருத்துவமனை, ஆய்வு. ஆக, அந்தக் கொடையின் ஒரு நுனி ஓசூர் ஷிஃப்டில் இருக்கிறது. 2021-ல் ஹூருன், எடெல்கிவ் பட்டியல் ஜாம்ஷெட்ஜியை நூற்றாண்டின் மிகப்பெரிய கொடையாளி என்று, 10,240 கோடி டாலர் கணக்கோடு முதலிடத்தில் வைத்ததும் இந்தப் பங்கு மதிப்பை வைத்துத்தான்.

ஆனால் நுரை? அது எதனால் வருகிறது என்று விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள்: சுத்திகரிக்காத சாக்கடை, சோப்புத்தூளின் பாஸ்பேட். கொடை அந்த விடையைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்தது. சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டியது பெங்களூரின் குடிநீர், கழிவுநீர் வாரியம். கேட்க வேண்டியது இரண்டு மாநில அரசுகள். அந்த வேலையை எந்தப் பணக்காரரும் ஏற்றுக்கொள்ள முடியாது, ஏற்றுக்கொள்ளவும் கூடாது. அதற்குத்தான் வரி கட்டுகிறோம்.

அடுத்த முறை ஓசூரில் இருந்து பெங்களூரு போனால் மல்லேஸ்வரம் பக்கம் போய் அந்தக் கழகத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். பழைய ஆட்கள் இந்திய அறிவியல் கழகம் என்று சொல்ல மாட்டார்கள். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவரின் பெயரைச் சொல்லித்தான், டாடா இன்ஸ்டிட்யூட்டா என்று கேட்டுவிட்டு வழி காட்டுவார்கள்.