இரண்டாம் விருப்பால் வென்றவர்

நம் அன்னையர் வரிசையில் நின்று, விரலில் மை இட்டுக்கொண்டு, சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் வாக்களிக்கின்றனர். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவர்களுக்குப் பங்கில்லையா? குடிமையியல் வகுப்பில் எங்களுக்கு எழுந்த ஐயம் இது. விடை தேடியபோது வி. வி. கிரி அவர்களின் வரலாறு எங்களுக்குக் கிட்டியது.

வராககிரி வேங்கட கிரி 1894 ஆகஸ்டு 10-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்காம்பூரில் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞர். தாமும் சட்டம் பயில 1913-இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்றார். அங்கு நடந்த விடுதலைப் போராட்டம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனால் 1916-இல் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

தாயகம் திரும்பியவர் இரயில்வேத் தொழிலாளர்களுக்காக உழைத்தார். 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவையில் தொழிலமைச்சர் ஆனார். விடுதலைக்குப் பின் மத்திய அரசிலும் தொழிலாளர் நலத்துறை அமைச்சராக விளங்கினார். வங்கி ஊழியர்களுக்குக் கிடைத்த தீர்ப்பை அரசு மாற்றியபோது, 1954-இல் அப்பதவியைத் துறந்தார். பின்னர் உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் மாநிலங்களின் ஆளுநராகப் பணியாற்றி, 1967-இல் குடியரசுத் துணைத் தலைவரானார்.

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். கிரி தற்காலிகமாக அப்பொறுப்பை ஏற்றார். ஜூலையில் அதனைத் துறந்து, சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார். காங்கிரசின் வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. ஆனால் பிரதமர் இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி வாக்களிக்குமாறு கட்சியினரைக் கேட்டுக்கொண்டார். இத்தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவிட முடியாது, வாக்கும் இரகசியமானது.

இத்தேர்தலில் வாக்களிப்போர், நாடாளுமன்றத்திற்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். வாக்குச்சீட்டில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். செல்லத்தக்க வாக்குகளின் மதிப்பில் பாதிக்கு மேல் பெறுபவரே வெற்றி பெறுவார்.

அன்று வெற்றிக்குத் தேவைப்பட்டது 4,18,169. முதல் விருப்பில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி. டி. தேஷ்முக்கிற்கு 1,12,769 கிடைத்தன. ஒருவரும் எல்லையைத் தொடவில்லை. எனவே கடைசியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளின் அடுத்த விருப்பத்தை எண்ணினர். ரெட்டி 4,05,427 வரை வந்தார். கிரி 4,20,077 பெற்று வென்றார். எல்லையை அவர் கடந்தது 1,908 மதிப்பில்தான்! அடுத்த விருப்பங்கள் இல்லையேல் அவர் அந்த எல்லையைத் தொட்டிருக்க முடியாது.

அத்தேர்தலை எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. நாட்டின் தலைவராக இருந்தும், கிரி தாமே உச்ச நீதிமன்றம் சென்று சாட்சியம் அளித்தார். 1970-இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. 1974 வரை பதவியிலிருந்த அவர் 1975-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1980-இல் சென்னையில் மறைந்தார்.

இனி எங்கள் ஐயத்திற்கு வருவோம். ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கும் அம்மாநில மக்கள்தொகையை ஒட்டி மதிப்பு உண்டு. 1971-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அது 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. எல்லாச் சட்டமன்றங்களுக்கும் சேர்ந்து உள்ள மதிப்பு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே நாடாளுமன்றத்திற்கும் உண்டு. இவ்வாறு மத்தியும் மாநிலங்களும் சமமாக நின்று தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றன.

காவிரி நீர் நேரே வயலுக்கு வருவதில்லை; ஆறும் வாய்க்காலும் கடந்தே வருகிறது. நம் அன்னையரின் வாக்கும் அப்படித்தான். திருவிடைமருதூர்த் தொகுதி உறுப்பினர் இடும் 176-க்குள் அவர்களின் வாக்கும் கலந்திருக்கிறது.

கிரி அவர்களின் காலத்தில் வாக்குரிமை வயது 21. 1989 முதல் அது 18. தோழியரே, இன்னும் மூன்றே ஆண்டுகளில் அந்த வரிசையில் நாமும் நிற்போம். ஒரு வாக்குத்தானே என்று எண்ணாமல், மனசாட்சியுடன் வாக்களிப்போமாக!