எம். விசுவநாதன் (மருத்துவர்)

எம். விசுவநாதன் சென்னையைச் சேர்ந்த மருத்துவர். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். 1948 இல் சென்னை இசுட்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954 இல் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார்.

அக்காலத்தில் நீரிழிவு நோயாளிகளின் உணவில் மாவுச்சத்தைப் பெரிதும் குறைப்பதே மருத்துவர்களின் வழக்கம். சோறுண்டு பழகியோர் அதனை நெடுநாள் கடைப்பிடிப்பது அரிது. இவரோ மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவை ஆய்ந்து பரிந்துரைத்தார். நார்ச்சத்து, இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும் என்பதே இதன் அடிப்படை. தீட்டிய அரிசியில் நார் மிகக் குறைவு என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மாவுச்சத்து மிகுந்த உணவு என்பதை வெறும் வெள்ளைச்சோறு எனக் கொள்ளலாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் 18,090 பேரின் உணவுத் தரவுகளைக் கொண்டு 2022 இல் வெளிவந்த ஆய்வு, மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுமாறு கூறியது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான வி. மோகன், விசுவநாதனின் மகன் ஆவார்.