உரிமம் கிடைக்காத கார்: அமரர் ஜி.டி. நாயுடு



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி குழுவினர் கேட்டார்கள். பீங்கான் படித்தவன் பீங்கான்காரர் ஒருவரைத்தான் எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு மோட்டார்காரரை. சம்பந்தமில்லாமல் இல்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாகத் தெரிவது நம்ம சரக்கு, அலுமினா. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டு, ஒரு முனை நெருப்பிலும் மறுமுனை காற்றிலுமாக அது நிற்கிறது. அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், அந்த சிலிண்டர் வேலை செய்யாது. மோட்டார்காரனுக்கும் நமக்கும் உள்ள உறவு அந்த வெள்ளைத் துண்டு அளவுதான், ஆனால் விட்டுப்போகாத உறவு.

கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் 1893 மார்ச் 23ஆம் தேதி கோபால்சாமி நாயுடுவின் மகனாகப் பிறந்தவர் துரைசாமி. விவசாயக் குடும்பம். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வாரி இறைத்த பிள்ளை என்று இன்றைக்கும் கொங்கு நாட்டில் கதை சொல்வார்கள். படிப்பு நின்றது, தோட்டத்து வேலைக்குப் போனார். (இதைப் படித்துவிட்டுத் தம்பிகள் யாரும் இந்தப் பாகத்தை மட்டும் பின்பற்ற வேண்டாம்.)

அந்தக் காலத்தில் அரசாங்க வேலையாக ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை அந்த இளைஞர் முதன்முதலில் அப்போதுதான் பார்த்தார். பார்த்த பிறகு தோட்டத்தில் கால் தரிக்கவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை எடுத்து, தண்ணீர் வைத்து, சுமார் மூன்று வருஷம் காசு சேர்த்து, அதே மாதிரி வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். நாமாக இருந்தால் அதில் ஏறி ஊரைச் சுற்றியிருப்போம். அவர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டார், மறுபடி பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆளில்லை, புத்தகமும் இல்லை. அவர் படித்த ஒரே இன்ஜினியரிங் கல்லூரி அந்த ரட்ஜ்தான் எனலாம்.

பிறகு மெக்கானிக் வேலை. அப்புறம் திருப்பூரில் பஞ்சு வியாபாரம். முதல் உலகப் போர்க் காலத்தில் கையில் நல்ல பணம் சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு பம்பாய்ப் பஞ்சு முதலாளிகளோடு மோதப் போய் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பினார். அவருடைய வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஏலத்திலும் பேரத்திலும் தோற்றவர், திரும்பி வந்து கையில் எண்ணெய் படுகிற வேலையையே பிடித்துக்கொண்டார்.

கோவையில் அப்போது பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாயுடுவுக்குச் சொந்தமாக ஒரு பஸ் வாங்க அவர் கடன் கொடுத்து உதவினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. முதலாளியும் டிரைவரும் ஒருவரே. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஜனங்கள் யு.எம்.எஸ். என்று அழைத்த பஸ் கம்பெனி. 1930களில் சுமார் 280 பஸ்கள் அந்தப் பெயரில் ஓடின. நேரந்தவறாமைக்கு அது பேர் போனது. பயணிகள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும் என்றிருந்த காலத்தில், மணி அடித்தால் கிளம்பும் பஸ் என்பதே ஒரு புதுமை. தமிழ்நாட்டில் ஒரு மோட்டார்ப் பெயர் ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றது இப்படித்தான்.

இதோடு நின்றிருந்தால் ஒரு பஸ் முதலாளி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனா மனுஷர் நிற்கவில்லை. ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றினார். உலர் மின்கலத்தில் ஓடும் சவர இயந்திரம் ஒன்றை உண்டாக்கி 'ரேசண்ட்' என்று பெயர் வைத்தார். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் செய்த மின் மோட்டாரை இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று சொல்கிறார்கள். கோவையைப் பம்புசெட்டு ஊராக்கிய பாதையில் அதுவும் ஒரு மைல்கல். 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று அறிவித்தார். மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழம் பிழியும் கருவி, கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப்பதிவு இயந்திரம், பத்தடி உயரப் பருத்திச் செடி... பட்டியல் போட்டால் மலரில் இடம் போதாது.

நம் மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது 1945ஆம் ஆண்டைத்தான். அந்த வருஷம், சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில், நாயுடுவின் பெரும் நன்கொடையோடு கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரிக்கு மூலம் அதுதான். தலைமைப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம், மிச்சமெல்லாம் கால விரயம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

டிப்ளமா படித்து வெளியே போன நம்மில் பலருக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. சூளைக்கு முன்னால் நின்று, தணலின் நிறத்தை வைத்தே சூடு சொல்லக் கற்றுக்கொண்டவனுக்கும், அதே சூட்டைப் பரீட்சைத் தாளில் எழுதியவனுக்கும் கம்பெனியில் கிடைக்கிற நாற்காலி வேறு வேறு. நாயுடு அந்த நாற்காலி வித்தியாசத்தோடுதான் சண்டை போட்டார் என்று நான் புரிந்துகொள்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வருஷம் போதும் என்பதில் எனக்கு முழு சம்மதமில்லை. பொருள் ஏன் வெடித்தது என்று கண்டுபிடிக்க வேதியியல் வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஆனால் கை வேலையை முதலில் வை, ஏட்டை அதன் பின்னால் வை என்ற அவருடைய வரிசை சரி.

இனி காருக்கு வருவோம். 1952இல் இரண்டு பேர் உட்காரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் தயாரித்தார். விலை 2,000 ரூபாய். ஊரே பேசியது. உரிமம் கேட்டார், மத்திய அரசு கொடுக்கவில்லை. கார் அங்கேயே நின்றது.

ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு அந்தக் காலத்துச் சூழ்நிலையைப் பார்க்க வேண்டும். அதுவரை நம் ரோடுகளில் ஓடியவை பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேய வண்டிகள். ஃபோர்டு 1926இலும், செவர்லே வண்டிகளை உண்டாக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் கம்பெனி வைத்து, பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்றன. விடுதலைக்குப் பிறகு 1951இல் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பாகங்களை இங்கேயே செய்ய ஒப்புக்கொள்ளும் சில கம்பெனிகளுக்கு மட்டும் அனுமதி என்று கொள்கை இறுகியது. 1954க்குள் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. களத்தில் இருந்தவை கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. கோவையில் இருந்து தனி ஆளாக வந்தவருக்கு அந்தப் பந்தியில் இலை போடவில்லை.

இதே நேரத்தில் அமெரிக்காவிலும் ஒரு நாயுடு இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. பெயர் பிரஸ்டன் டக்கர். சிகாகோவில் ஒரு பெரிய யுத்தகாலத் தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்து, 1948இல் 'டக்கர் 48' என்ற காரைக் கொண்டுவந்தார். ஹெலிகாப்டர் இன்ஜினை மாற்றியமைத்து வண்டியின் பின்பக்கம் வைத்தார். நடுவில் ஒரு மூன்றாவது விளக்கு, ஸ்டீயரிங் திரும்புகிற பக்கம் தானும் திரும்பும். மணிக்கு 190 கிலோமீட்டர் வரை பறக்கும் என்று பேர் வாங்கிய வண்டி. ஆனால் உருவானவை வெறும் 51. பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் விசாரணைக்கு வந்தது, மோசடி வழக்கு நடந்தது. 1950 ஜனவரியில் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. அதற்குள் கம்பெனி மூடிக் கிடந்தது. 1956இல் அவரும் போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் ராஜ்யம் இல்லாத நாட்டிலும் தனி மனிதனின் கார் பிழைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அதனால்தான் எல்லாப் பழியையும் டில்லி மேல் போட எனக்கு மனமில்லை. என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். சோதனைச் சூளையில் வைத்து எடுத்த முதல் சாம்பிள் முத்து மாதிரி வரும். அதே பொருளை டனல் சூளையில் ஆயிரக்கணக்கில் ஏற்றினால் ஒரு வண்டியில் கோணல், ஒரு வண்டியில் விரிசல், ஒரு வண்டியில் கிளேஸ் ஓடாமல் நிற்கும். முதல் துண்டு திறமை. ஆயிரமாவது துண்டுதான் தொழில். 2,000 ரூபாய்க்கு ஒரு கார் செய்யலாம் என்று நாயுடு காட்டினார். பத்தாயிரம் கார் அதே விலைக்குச் செய்திருக்க முடியுமா? எனக்குச் சந்தேகம்தான். பஸ், ரேசர், ரேடியோ, பருத்தி என்று தாவிய மனம், ஒரே காரை இருபது வருஷம் விடாமல் திருத்திக்கொண்டே இருந்திருக்குமா என்பதும் சந்தேகம். ஆனா பாருங்க, அந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியது வாங்குகிறவன். பேனாவை வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

உரிமம் கிடைத்தவர்கள் வாழ்ந்தார்களா என்றும் பார்த்துவிடலாம். சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி வண்டலூரில் ஹெரால்டு செய்தது. அழகான வண்டி, இன்ஜினை முறுக்கேற்றி சோழவரம் பந்தயத்திலும் ஓட்டினார்கள். பிறகு கெசல் வந்தது. 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. இங்கிலாந்தில் வேகத்துக்குப் பேர் பெற்ற ரோவர் காரின் உடம்பு, உள்ளே காலாவதியான பழைய இன்ஜின். பெட்ரோலைக் குடித்தது, வேகமும் இல்லை. அதற்கு முன்பே 1983 டிசம்பரில் மாருதி வந்துவிட்டது. 1988 வாக்கில் ஸ்டாண்டர்டின் கதை முடிந்தது. போட்டியே இல்லாமல் வளர்த்த பிள்ளை தெருவுக்கு வந்ததும் விழுந்துவிட்டது.

நாயுடு அவர்கள் காருக்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. வரிகள் கழுத்தை நெரிக்கின்றன என்று சொல்லி, தாம் உண்டாக்கிய பொருள்களையே ஜனங்கள் முன்னால் உடைத்தெறிந்தார். தன் கைப்பொருளைத் தானே உடைக்கிறவனின் வயிற்றெரிச்சல் என்னவென்று, சூளை திறந்து பார்த்துவிட்டு வீணான சரக்கைக் குப்பைமேட்டில் கொட்டியவர்களுக்குத் தெரியும். 1967இல், அஸ்திவாரம் முதல் கூரை வரை 11 மணி நேரத்தில் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது! அரசாங்கமே பஸ்களை ஏற்று நடத்தும் காலமும் வந்தது. 1972இல் கோவையில் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானது. தனியார் பஸ் கம்பெனிகளின் பொற்காலம் அந்தப் பக்கத்தில் அதோடு சரி. 1974 ஜனவரி 4ஆம் தேதி, எண்பதாவது வயதில் நாயுடு மறைந்தார்.

பிளக்கில் உள்ள வெள்ளைத் துண்டைப் பற்றி முதலில் சொன்னேன். அதன்மேல் அச்சாகியிருப்பது செய்தவனின் பெயர். நம்ம விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் எத்தனையோ ஃப்யூஸ் கட்டைகளும் இன்சுலேட்டர்களும் பொம்மைகளும் சூளையிலிருந்து வந்திருக்கின்றன. ஊருக்கு வெளியே ஒரு கடையில், நம்ம ஊர் அச்சில் வார்த்த ஃப்யூஸ் கட்டை ஒன்று எங்கேயோ உள்ள வியாபாரியின் பெயர் தாங்கி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதன் அடிப்பக்கத்து அச்சுக்கோட்டை வைத்தே அடையாளம் தெரிந்தது. நாயுடுவுக்குக் காரில் பெயர் போட விடவில்லை. நாம் போட முயற்சி செய்தோமா என்பதை, தொழிற்பேட்டையில் இன்னும் சூளை எரிக்கிற நண்பர்கள் இந்தச் சந்திப்பில் உட்கார்ந்து பேசினால் நல்லது.

கோவைக்குப் போகிறவர்கள் அவிநாசி சாலையில் இறங்கிப் பாருங்கள். நாயுடுவின் அருங்காட்சியகமும், 2015இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. பல நாட்டுக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. அதே சாலையில் 2025 அக்டோபர் 9ஆம் தேதி திறந்த, பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் பிரித்துப் பூட்டிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.